தாத்தா பெயரில் வரும் பில்

வீட்டு வரியைப் பாக்கி வைப்பவர்களைப் பற்றி நம்மில் பலரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஏய்ப்பவர்கள், இல்லாவிட்டால் அலட்சியக்காரர்கள். சாலை சரியில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "முதலில் எல்லோரும் ஒழுங்காக வரி கட்டுகிறோமா?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். வணிக வளாகங்களும் மண்டபங்களும் லட்சக்கணக்கில் பாக்கி வைத்திருப்பதைச் சென்னை மாநகராட்சியே பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது. அவர்களுக்காகப் பரிந்து பேச எனக்கு எதுவும் இல்லை. ஆனால் உறவுக்காரர் ஒருவர் இந்தப் பேச்சை இன்னும் ஒரு படி நீட்டி, "ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க முடியாதவர்களுக்கு எதற்குச் சொந்த வீடு?" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். வடசென்னையில், திருவொற்றியூரின் காலடிப்பேட்டையில் என் அத்தை இருக்கும் வீட்டுக்குப் பல ஆண்டு வரி பாக்கி இருந்தது அவருக்குத் தெரியாது. எனக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி எனக்குள் அடங்கவே இல்லை. இப்போது எல்லாம் ஓரளவு முடிந்த பிறகும் அடங்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வீடு என் தாத்தா கட்டியது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் மனை வாங்கி, ஒரு போனஸில் சுவர், அடுத்த போனஸில் தளம் என்று எழுப்பிய 700 சதுர அடி வீடு. நான்கு பிள்ளைகள்: பெரியப்பா, என் அப்பா, அத்தை, சித்தப்பா. ஆண்கள் மூவரும் திருமணமாகி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கணவரை இளம் வயதிலேயே இழந்து திரும்பி வந்த அத்தைதான் தாத்தாவையும் பாட்டியையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரிசி இத்தனை கிலோ, பருப்பு இத்தனை, முட்டை இத்தனை என்று பணிக்காலம் முழுவதும் பதிவேடு எழுதிய கை அது. அந்த வீட்டில் மின்கட்டணம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. வீட்டு வரியும் அப்படித்தான் இருந்தது, 2016இல் பாட்டி இறக்கும்வரை. அந்த நிதியாண்டோடு ரசீதுகள் நின்றுவிட்டன.

ஏன் நின்றன என்று யாரும் கேட்கவில்லை. பில் தாத்தா பெயரில் வந்துகொண்டிருந்தது. அவர் காலமாகிக் கால் நூற்றாண்டு ஆகியும் பதிவேட்டில் அவர்தான் உரிமையாளர். வடசென்னையில் இது அபூர்வமே இல்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று எந்தத் தெருவில் விசாரித்தாலும் மறைந்துபோன ஒருவர் பெயரில் பில் வரும் வீடு ஒன்றாவது இருக்கும். பெயரை மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு எல்லா வாரிசுகளின் ஆவணங்களும் வேண்டும், வரி அன்றைய தேதிவரை கட்டியிருக்கவும் வேண்டும். அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாத குடும்பத்தில் இது முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

அந்த வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த காகிதங்கள்தான் ஓயாமல் இடம் மாறின. மூலப் பத்திரம் செங்கல்பட்டு மாவட்டம் என்கிறது. 1997க்குப் பிந்தைய காகிதங்களில் திருவள்ளூர் மாவட்டம். 2011இல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து முதல் மண்டலமானது. 2018இல் வட்டமே சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. நகராட்சிக் காலத்து வரிவிதிப்பு எண் ஒன்று. மாநகராட்சி பில் எண்ணோ மண்டலம், வார்டு, பில், துணை எண் என நான்கு பகுதிகள் கொண்டது. ஒரு வயதான பெண்மணி இந்த நான்கு பகுதி எண்ணையும் பழைய ரசீதையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே வீட்டுக்குத்தானா என்று குழம்பினால் அதில் வியக்க ஒன்றும் இல்லை.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ ரயில் நீண்டது. காலடிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அதுவரை சொந்தங்களின் பேச்சில் "அந்தப் பழைய வீடு" என்றிருந்தது, "மெட்ரோ பக்கத்தில் இருக்கிற வீடு" ஆயிற்று. மறுஆண்டு சொத்து வரி உயர்ந்தது. 2011இல் சேர்ந்த பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். பழைய மாநகராட்சிப் பகுதிகளில் இதே அளவுகளுக்கு 50, 75 சதவீதம். அத்தை வீட்டின் அரையாண்டு வரி ரூ.620இலிருந்து ரூ.930 ஆனது. 2024 கோடையில் கேட்பு அறிவிப்பு வந்தபோது, பாக்கியும் வட்டியும் சேர்ந்து ரூ.11,000ஐத் தாண்டியிருந்தன. அறிவிப்பில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் "திரு." போட்டிருந்தார்கள். அத்தை அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொன்னது எனக்கும் அல்ல, தெருமுனை டீக்கடையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம்.

இருபத்தைந்தாயிரம் கேட்டவர்

அவரை எல்லோருக்கும் தெரியும். ஆதார் திருத்தமா, பட்டாவா, மின் இணைப்பா, எதுவாக இருந்தாலும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அத்தையிடம் ரூ.25,000 கேட்டார். பாக்கியில் பாதியைக் கழிக்க வைப்பதாகவும், அப்படியே வரிப் பதிவை அத்தை ஒருவரின் பெயருக்கு மாற்றித் தருவதாகவும் சொன்னார். மூலப் பத்திரத்தைக் கொடுத்தால் மீதியெல்லாம் தன் பொறுப்பு என்றார். அத்தை பத்திரத்தை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுத் தயாராக வைத்திருந்த நேரத்தில்தான் நான் தற்செயலாக அங்கே போனேன்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது இதே நிலைமை இருக்கலாம் என்பதால் இந்த இடத்தில் நிதானமாகச் சொல்கிறேன். வரிப் பாக்கியைக் கட்ட மூலப் பத்திரம் தேவையே இல்லை. பில் எண் போதும். தனிநபர் யாரும் பாக்கியைப் பாதியாகக் குறைத்துத் தர முடியாது. காலத்தில் கட்டாவிட்டால் இப்போது மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி சேரும். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000வரை ஊக்கத்தொகை உண்டு. இரண்டும் விதிப்படி தானாகக் கணக்காகிறவை. யாருடைய சிபாரிசும் இவற்றைக் கூட்டாது, குறைக்காது. நான்கு வாரிசுகள் இருக்கும் வீட்டின் வரிப் பதிவை மற்றவர்களின் சம்மதமே இல்லாமல் ஒருவர் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. நாளைக்கு நீங்கள் நிற்கப்போகும் வழக்குக்கு இன்றைக்கே அடித்தளம் போடுகிறார். கேட்ட கூலி மொத்தப் பாக்கியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதையாவது அத்தை கவனித்திருக்கலாமே என்று தோன்றும். பயந்தவர்கள் கூட்டல் கழித்தல் போடுவதில்லை. வாசலில் சீல் வைத்துவிடுவார்கள், நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கண்முன் நின்றது.

பத்திரத்தைப் பீரோவில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, இருக்கும் காகிதங்களை நகல் எடுக்கலாம் என்று வட்டாட்சியர் அலுவலகம் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அரசு அலுவலகங்களின் அருகே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குத் தெரிந்த அளவு நடைமுறை பல படித்தவர்களுக்குத் தெரியாது. தினமும் நூறு பேரின் காகிதங்கள் அவர்கள் கை வழியாகப் போகின்றன. எது ஏற்கப்பட்டது, எது திரும்பி வந்தது என்பது மறுநாளே தெரிந்துவிடுகிறது. அந்தக் கடையில் இருந்த பெண், ரசீதுகளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தபடியே, "அம்மா, இதை யாரிடமும் காசு கொடுத்து ஒப்படைக்காதீர்கள். காகிதத்தைப் பார்த்துச் சொல்கிற ஐயா ஒருவர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார். சாயங்காலம் போனால் வீட்டில் இருப்பார்" என்று சொன்னார். ஒரு துண்டுத் தாளில் தெருவின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

பாயில் பரப்பிய ரசீதுகள்

அவர் எழுபதைத் தாண்டியவர். எங்கோ ஒரு நகராட்சியில் வரி வசூலிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் தரையில் பாயை விரித்து உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நகராட்சிக் காலத்து ரசீதுகள் மெலிந்த தாளில் கார்பன் நீலத்தில் எழுதப்பட்டவை. 2023 மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் வந்த தண்ணீர் அவற்றின் கீழ் ஓரத்தில் பழுப்புக் கோடு ஒன்றை விட்டுப் போயிருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவி, முதல் அரையாண்டு இடப்பக்கம், இரண்டாம் அரையாண்டு வலப்பக்கம் என்று ஆண்டுவாரியாக அடுக்கினார். தொகையை அவர் பார்க்கவே இல்லை. பெயர், கதவு எண், வரிவிதிப்பு எண் இவற்றின் மேல் மட்டும் விரல் ஓடியது. ஒரு வெள்ளைத் தாளில் பழைய எண்ணை எழுதி, அதன் கீழே மாநகராட்சியின் புதிய பில் எண்ணை எழுதி, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார். "வீடு ஒன்றுதான், அம்மா. கதவு எண் நடுவில் மாறியிருக்கிறது. பெயர் மாறவில்லை. பயப்பட எதுவும் இல்லை" என்றார்.

பிறகு அடுக்கிய ரசீதுகளைப் பார்த்தபடி, "இத்தனை வருஷம் ஒரு அரையாண்டுகூட விடாமல் கட்டியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் யாருமே கேட்காத கேள்வியை முன்பின் அறியாத ஒருவர் கேட்டார். அத்தை உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: "அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பெரிய அண்ணன் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். 'ரசீதை எல்லாம் நீயே சேர்த்து வைத்திருக்கிறாயே, வீட்டை உன் பேருக்குத் திருப்பிக்கொள்ளத்தானே?' என்று. அதற்குப் பிறகும் நான் போய்க் கட்டினால் அவர் சொன்னது உண்மையென்று ஆகிவிடாதா, சார்?"

சொல்லிவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்கை எடுத்துத் திறந்தார். வழியில் சாப்பிட எதையோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே சுருட்டி ரப்பர் வளையம் போட்ட ரூபாய்ச் சுருள்கள் இருந்தன. ஒவ்வொரு சுருளையும் சுற்றித் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள். ஏப்ரல் மாதத் தேதி ஒன்றில், அக்டோபர் மாதத் தேதி அடுத்ததில். 2018இல் வரி உயர்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு அந்த அக்டோபர் சுருளில் கூடுதலாக வைத்திருந்தார். அந்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டதும் மறுபடி பழைய தொகைக்கு வந்திருந்தார். பாட்டி இறந்த பிறகு அவர் வரியைக் கட்டாமல் இருந்தாரே தவிர, ஓர் அரையாண்டின் பணத்தைக்கூட எடுத்து வைக்காமல் விட்டதில்லை. 2022க்குப் பிறகு எவ்வளவு என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அதே 620ஐயே வைத்துவந்திருக்கிறார்.

அந்தப் பெரியவர் பணத்தைத் தொடவில்லை, எண்ணவும் இல்லை. "அம்மா, நான் வேலை பார்த்த காலம் முழுக்க வாசல் வாசலாகப் போய்ப் பணம் வாங்கியிருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். "மாமனார் வீட்டுக்கு மருமகன் கட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் குடியிருப்பவர் கட்டியிருக்கிறார். யார் கையிலிருந்து பணம் வந்தது என்று எழுத எங்கள் புத்தகத்தில் இடமே கிடையாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் ரசீது. கட்டியவருக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் எங்களுக்கு என்றைக்கு இருந்தது? நீங்கள் நாளைக்குப் போய் மொத்தத்தையும் கட்டினாலும் உங்கள் அப்பா பெயரில்தான் ரசீது வரும்."

"அப்பா கட்டியதாகத்தான் இருக்குமா?" என்று அத்தை கேட்டார்.

"ஆமாம். அவர் வீட்டுக் கணக்கில் அவர் பெயரில்."

அத்தை தூக்கை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அழவெல்லாம் இல்லை. "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால்..." என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். வடசென்னையில் வரி ரசீதுக்கு நாம் கொடுக்கும் கனம் வேறு ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. கோயில் மனையில் அடிமனை வாடகை கொடுத்து வீடு கட்டி இருப்பவர்கள், குடியிருப்பு வாரிய ஒதுக்கீட்டில் இருப்பவர்கள், பட்டா வராத நத்தத்தில் இருப்பவர்கள் என்று இங்கே பலருக்கும் கையில் காட்ட முழுமையான பத்திரம் கிடையாது. ரேஷன் அட்டை, மின் அட்டை, வரி ரசீது, இவைதான் "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று சொல்லும் சாட்சிகள். அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கோயில் நிலத்தில் குடியிருக்கும் ஓர் அம்மா அரையாண்டு பிறந்த முதல் வாரத்திலேயே கட்டிவிடுவார். ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யாருடைய பிடி மெலிதாக இருக்கிறதோ அவர்களே முதலில் கட்டுகிறார்கள். ஆகவே "வரி கட்டினால் வீடு நம்முடையது" என்ற நம்பிக்கை முட்டாள்தனத்தில் பிறந்ததில்லை. வேறு எந்தக் காகிதமும் கைக்கு வராதவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாகப் பற்றிக்கொண்டிருக்கும் நம்பிக்கை அது.

அதே நம்பிக்கைதான் பத்திரம் இருக்கும் குடும்பங்களில் விஷமாக வேலை செய்கிறது. கட்டுபவர் அபகரிக்கப் பார்க்கிறார் என்று மற்றவர்களுக்குத் தோன்றுகிறது. மானமுள்ளவர் ஒதுங்கிக்கொள்கிறார். மற்றவர்களும் கட்டுவதில்லை, ஏனென்றால் அங்கே குடியிருப்பது அவர்கள் இல்லை. வரி ரசீதோ வருவாய்ப் பதிவில் இருக்கும் பெயரோ உரிமையை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ரசீது அனுபவத்துக்கு ஓர் ஆதாரமாக உதவலாம், அவ்வளவுதான். சொத்து வரியோ அந்த வீட்டின் மீதே முதல் பொறுப்பாக நிற்பது. யார் கட்டவில்லை என்று பாக்கி பார்ப்பதில்லை. நாளை வீட்டை விற்றாலும் பிரித்தாலும் நால்வரின் பங்கிலும் அது கழியும். தங்கையைக் கட்டவிடாமல் தன் பங்கைக் காப்பாற்றியதாக நினைத்த பெரியப்பா, தன் பங்கின் மேலும்தான் வட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும்போது அவர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வி ஒரு பெண்ணின் நாணயத்தின் மேல் வைத்த கேள்வி. அத்தனை ஆண்டுகள் அதைச் சுமந்தது அவருடைய கூடப்பிறந்தவள்.

யாரிடம் கேட்பது

பாக்கியைக் கட்ட இன்றைக்கு வழிகளுக்குக் குறைவில்லை. மாநகராட்சி இணையதளத்தில் பில் எண்ணைப் போட்டால் எந்த அரையாண்டுக்கு எவ்வளவு என்று வரிசையாக வருகிறது. பழைய எண் மட்டும் கையில் இருந்தாலும் புதிய எண்ணைத் தேடி எடுக்கலாம். கட்டுவதைக் கைபேசியிலேயே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம், மண்டல அலுவலகத்தில் நேரிலும் செய்யலாம். சந்தேகத்துக்கு மாநகராட்சியின் 1913 உதவி எண் இருக்கிறது. இவ்வளவும் வந்தது நல்லது, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இவை எல்லாமே எவ்வளவு, எப்படி என்ற கேள்விகளுக்கான பதில்கள். "நான் கட்டலாமா?" என்பதுதான் அத்தையின் கேள்வி. அதைக் கேட்க ஓர் எண்ணும் இல்லை, ஒரு கவுன்டரும் இல்லை. டீக்கடைக்காரருக்கு (கடை நடத்துபவரைச் சொல்லவில்லை, அங்கே உட்கார்ந்திருப்பவரை) பிழைப்பு நடப்பது அந்த இடைவெளியில்தான்.

பெரியவர் இன்னும் சில காரியங்களையும் சொல்லிக் கொடுத்தார். கட்டும் முன் பில்லில் இருக்கும் சதுர அடியும் வீட்டின் உண்மையான அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சொந்தக் குடியிருப்பு என்று பதிந்திருக்கிறதா, வாடகைக்கு விட்டது என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி அதைப் பொறுத்து மாறும். தவறு இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். எங்கள் பில்லில் தவறு எதுவும் இல்லை. பணம் வாங்க மறுத்துவிட்டார். காபி மட்டும் எங்களுக்கும் சேர்த்து அவர் வீட்டிலேயே போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் யாருக்கு எவ்வளவு பாகம் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "அது என் வேலை இல்லை, வக்கீலைக் கேளுங்கள். அதற்கும் காசு வேண்டாம்" என்றார். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எத்தனையோ முறை நீதிமன்ற வாசலைக் கடந்து போயிருக்கிறோம், இப்படி ஒரு அறை இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அங்கே எங்களோடு பேசிய இளம் வழக்கறிஞர், அத்தையிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறீர்களா, இருக்க இடம் மட்டும் உண்டு என்று நினைக்கிறீர்களா?" அத்தை இரண்டாவதைச் சொன்னார். வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை. எனவே 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் மகன்களுக்கும் சம பங்கு, அன்றைக்கே. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று வைத்திருந்தது. திருமணமாகாத, கணவரை இழந்த, கைவிடப்பட்ட மகள்களுக்கு அங்கே வசிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தது. 2005 திருத்தத்தில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, குடும்பங்களிலிருந்து இன்னும் போகவில்லை. அத்தை தன் சொந்தப் பங்குள்ள வீட்டில் அண்ணன்களின் தயவில் இருப்பவராகத் தன்னை எண்ணிக்கொண்டிருந்தார். வரி கட்டுவது அந்தத் தயவை மீறுவது என்று பயந்தார். ஏழெட்டு ஆண்டுப் பாக்கியின் வேர் அங்கே இருந்தது.

ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க முடியாதவர் என்று யாரையாவது இனி யாராவது என் முன்னால் சொன்னால் நான் சும்மா இருக்கப் போவதில்லை. சென்னையில் வரி முகாம் போடுகிறார்கள், ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். மண்டலத்துக்கு ஒருவராவது, ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரைப் போல, காகிதங்களை வாங்கிப் பரப்பி வைத்து "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்க உட்கார்ந்திருந்தால், சிறு வீடுகளின் பாக்கியில் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அத்தை மண்டல அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பணமாகத்தான் கட்டுவேன் என்றார். அப்படியே கட்டினார். தூக்கில் இருந்தது போதவில்லை. மீதியை நான் போடுகிறேன் என்றேன், ஒப்புக்கொள்ளாமல் தன் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரசீது தாத்தா பெயரில் வந்தது. அதைப் படமெடுத்து, பிள்ளைகள் நால்வரின் வீட்டுக்கும் போகும்படி குடும்பக் குழுவில் போட்டேன். கட்டியது யார், எவ்வளவு, ரசீது யார் பெயரில் என்று மூன்று வரி எழுதினேன். பெரியப்பா பார்த்ததற்கான குறி வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் சித்தி அத்தையைக் கூப்பிட்டு, தங்கள் பங்குக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார். அந்த அக்டோபரில் வரி மேலும் 6 சதவீதம் உயர்ந்தது. புதிய தொகையை, ஊக்கத்தொகை கிடைக்கும் மாதத்திலேயே கட்டியாயிற்று. அதில் கால் பங்கு சித்தப்பா அனுப்பியது.

பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு பெரியப்பாவின் ஆவணங்கள் வர வேண்டும். அது எப்போது வருமோ, அதற்குள் நான் எதையும் ஊகிக்க விரும்பவில்லை. இதற்கிடையே குடிநீர், கழிவுநீர் வரி இருக்கிறது. அது குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் கட்டுவது. மாநகராட்சி கணக்கிடும் ஆண்டு மதிப்பில் ஆண்டுக்கு 7 சதவீதம். அதுவும் தாத்தா பெயரில்தான், அதுவும் பாட்டி போனதோடு நின்றுபோனதுதான். பழைய அட்டை எங்கே என்று அத்தைக்கு நினைவில்லை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கும் என்கிறார் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை தானே வந்து தேடி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.